எச்ஐவி துகள் முதிர்ச்சியின் கணினி மாதிரிகள்

செல்லிலிருந்து மொட்டுவிட்டு வெளிவரும் எச்ஐவி துகளுக்கு உடனே தொற்றும் திறன் வந்துவிடுவதில்லை. அதன் உட்புறம் வரிசையாக நிற்கும் காக் என்னும் நீண்ட புரதச் சங்கிலிகளைப் புரோட்டியேஸ் நொதி ஐந்து இடங்களில் வெட்ட வேண்டும். வெட்டுண்டு பிரியும் கேப்சிட் புரதம் வைரசின் ஆர்என்ஏவைச் சுற்றிக் கூம்புக் கூடாகச் சேர்ந்த பிறகே துகள் முதிர்ச்சி அடைகிறது.

இதைக் கணினியில் மாதிரியாக்கப் புரதங்களின் வடிவம் தெரிய வேண்டும். புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்கும், எவற்றில் மடங்காது என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963இல் கணக்கிட்டனர். புரத மாதிரிகளை இன்றும் அவர்கள் வரைபடத்தில் வைத்தே சரிபார்க்கிறார்கள்.

எச்ஐவி போன்ற வைரஸ்களின் புரோட்டியேஸ் ஒரே மாதிரியான இரு பாதிகளால் ஆனதாக இருக்க வேண்டும் என்று லாரன்ஸ் பேர்லும் வில்லியம் டெய்லரும் 1987இல் மாதிரி வழியாகவே ஊகித்தனர். 1989இல் வெளியான படிக ஆய்வுகள் அதை உறுதிசெய்தன: பாதிக்கு 99 அமினோ அமிலங்கள். நொதியை அடைக்கும் முதல் மருந்தான சாக்வினவிர் 1995இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

வெட்டுகள் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. சோதனைக்குழாயில் முதல் வெட்டுக்கும் கடைசி வெட்டுக்கும் வேகத்தில் சுமார் 400 மடங்கு வேறுபாடு காணப்பட்டது. நெருக்கடி மிகுந்த துகளுக்குள்ளும் அதே விகிதம்தானா என்பதில் கருத்தொற்றுமை இல்லை. ஒரு துகளிலுள்ள காக் சங்கிலிகளின் எண்ணிக்கையும் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. சுமார் 2,400 என்றும் 5,000 வரை என்றும் மதிப்பீடுகள் உண்டு.

புரோட்டியேஸே காக்-போல் என்னும் பெருஞ்சங்கிலிக்குள் பிணைந்துதான் உருவாகிறது. அப்படியானால் வெட்டும் நொதியை முதலில் வெட்டி விடுவிப்பது எது? காஷிஃப் சாதிக், ஃபிராங்க் நோயே, ஜியானி டி ஃபாப்ரிட்டிஸ் 2012இல் வெளியிட்ட உருவகக் கணிப்பில், நொதியின் முனையே வளைந்து அதன் வெட்டுமையத்துக்குள் நுழைய முடிந்தது. இந்தக் கணக்கைப் போட்டவை ஜிபியுகிரிட் திட்டத்துக்காகத் தன்னார்வலர்கள் தந்துதவிய வீட்டுக் கணினிகளின் வரைகலை அட்டைகள் என்பது குறிப்பிடத்தக்கது. அடுத்த ஆண்டு பலாஜ் கொன்யூ, விக்டர் முல்லர் உள்ளிட்டோர் எல்லா வெட்டுகளையும் இடைத்துண்டுகளையும் சேர்த்து முதல் முழுமையான வினைவேக மாதிரியை அமைத்தனர். மருந்தின் அளவு சற்றுக் கூடினாலே பலன் செங்குத்தாக ஏறுவது ஏன் என்பதற்கு அது விளக்கம் தந்தது; யாரும் எடுத்து விரிவாக்கும்படி திறந்தும் விடப்பட்டது.

அதே 2013 மே மாதம் பெய்ஜுன் ஜாங், கிளாவுஸ் ஷுல்ட்டன் குழுக்கள் முழுக் கூட்டையும் அணு அணுவாகக் கட்டிக்காட்டின: தண்ணீரும் சேர்த்து 6 கோடியே 40 லட்சம் அணுக்கள், 216 அறுகோணங்கள், 12 ஐங்கோணங்கள். துகளுக்குத் துகள் அறுகோணங்களின் எண்ணிக்கை மாறலாம். ஐங்கோணங்கள் பன்னிரண்டு இல்லாமல் அத்தகைய கூடு மூடாது.

முதிர்ச்சியின்போது பழைய காக் அடுக்கு முழுதும் கலைந்து புதுக் கூடு எழுகிறதா, அடுக்கே சுருண்டு கூடாகிறதா என்பது இன்னும் விவாதத்தில் உள்ளது. தானியங்களில் மிகுந்திருப்பதும் மனிதச் செல்லில் இயல்பாக உள்ளதுமான பைட்டிக் அமிலம் முதிராத, முதிர்ந்த இரு நிலைகளிலும் கூட்டமைப்புக்கு உதவுவது 2018இல் தெரியவந்தது. 2022இல் ஒப்புதல் பெற்ற லெனகபவிர், கேப்சிட் புரதத்தையே பற்றிக்கொள்ளும் மருந்து.