கூட்டம் என்பது பழக்கம்: திருவனந்தபுரத்து ஆட்டக்களங்களும் பிரிட்டிஷ் ஸ்பீட்வேயின் பாடங்களும்

1. சிக்கல்

2023 ஜனவரி 15 அன்று திருவனந்தபுரம் காரியவட்டம் கிரீன்ஃபீல்டு அரங்கில் இந்தியாவும் இலங்கையும் ஒருநாள் ஆட்டத்தில் மோதின. விராட் கோலி ஆட்டமிழக்காமல் 166 ஓட்டங்களும் சுப்மன் கில் 116 ஓட்டங்களும் எடுத்தனர். இந்தியா 390 ஓட்டங்கள் குவிக்க, இலங்கை 73 ஓட்டங்களில் சுருண்டது. 317 ஓட்ட வித்தியாசத்தில் கிடைத்த அந்த வெற்றி, ஒருநாள் கிரிக்கெட்டில் அதுவரை எந்த அணியும் பெறாத ஒன்று. அன்று கேலரியின் பெரும்பகுதி காலியாகக் கிடந்தது. ஒருநாள் ஆட்டமே அழிந்துவருகிறதா என்று யுவராஜ் சிங் சமூக ஊடகத்தில் கேட்டார்.

கேரளக் கிரிக்கெட் சங்கம் பல காரணங்களைச் சொன்னது: தொடர் முன்பே முடிவாகிவிட்டது, சபரிமலைக் காலம், பொங்கல், பள்ளித் தேர்வுகள். டிக்கெட் விலையும் கேளிக்கை வரியும்தான் காரணம் என்றனர் மற்றவர்கள். இவை ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் இவை அனைத்தும் அந்த ஒரு நாளை மட்டுமே விளக்குகின்றன. ஒரு நகரத்தில் ஆட்டம் பார்க்கும் கூட்டம் எப்படி உருவாகிறது, எப்படிக் கலைகிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

நட்சத்திரங்கள் கூட்டத்தைக் கூட்டலாம். அதைத் தக்கவைப்பது பழக்கம். அந்தப் பழக்கம் மூன்று தூண்களில் நிற்கிறது: பறிபோகாத களம், மாறாத நாள்காட்டி, உள்ளூர்க்காரரின் கைக்கு எட்டும் விலை. இதுவே இக்கட்டுரையின் வாதம். இதை நிறுவ, கூட்டத்தைப் பெற்றும் இழந்தும் ஒரு நூற்றாண்டை நெருங்கும் பிரிட்டிஷ் ஸ்பீட்வே பந்தயத்தின் வரலாற்றைத் திருவனந்தபுரத்தின் அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

2. ஸ்பீட்வே: ஏற்றமும் இறக்கமும்

ஸ்பீட்வே நம் வாசகர்களுக்கு அதிகம் பழகாத பந்தயம். நீள்வட்ட மண் தடத்தில் நான்கு மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். 500 சி.சி. எஞ்சின், மெத்தனால் எரிபொருள், பிரேக் கிடையாது. முன்னால் கட்டிய நாடா மேலே எழும்பியதும் நால்வரும் பாய்வார்கள். வளைவில் பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டு, இடது காலை மண்ணில் ஊன்றித் திரும்புவார்கள். நான்கு சுற்று, ஏறத்தாழ ஒரு நிமிடம், பந்தயம் முடிந்துவிடும். இப்படி ஒரு மாலையில் 15 பந்தயங்கள் நடக்கும். இடைவேளைகளில் பார்வையாளர்கள் நிகழ்ச்சித்தாளில் ஒவ்வொரு பந்தயத்தின் புள்ளிகளையும் பேனாவால் குறித்துக்கொள்வார்கள். பார்க்க வந்தவரே கணக்கெழுதும் இந்த வழக்கம் அங்கே தலைமுறைகளாகத் தொடர்கிறது. ஸ்பீட்வேயைக் குடும்ப விளையாட்டாக வைத்திருந்ததில் இந்தச் சிறு செயலுக்கும் பங்கு உண்டு.

1928 பிப்ரவரி 19 அன்று லண்டனுக்கு அருகே எப்பிங் காட்டில் உள்ள ஹை பீச் என்ற இடத்தில் நடந்த பந்தயத்தையே பிரிட்டனில் இவ்விளையாட்டின் தொடக்கமாகப் பொதுவாகக் கொள்வர். அமைப்பாளர்கள் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு மக்கள் அன்று திரண்டனர். 1936 முதல் வெம்ப்ளி அரங்கில் உலக இறுதிப் பந்தயங்கள் நடந்தன. அங்கே நடந்த கடைசி இறுதி 1981இல். அமெரிக்கரான புரூஸ் பென்ஹால் வென்றார். அன்றும் அரங்கு நிறைந்திருந்தது. எனவே ரசனை வறண்டதால் ஸ்பீட்வே சரிந்தது என்று சொல்லிவிட முடியாது.

சரிவு இரண்டு கட்டங்களாக வந்தது. முதலாவது 1950களில். போருக்குப் பிந்தைய பிரிட்டனில் ஸ்பீட்வேயின் கேளிக்கை வரி மற்றப் பல விளையாட்டுகளுக்கு இருந்ததைவிடக் கூடுதல். வீட்டுக்குள் தொலைக்காட்சி நுழைந்த அதே காலத்தில் வாசலில் வரியும் உயர்ந்து நின்றது. தடங்கள் அடுத்தடுத்து மூடின. வெம்ப்ளி லயன்ஸ் அணியே 1957 பருவத்திற்கு முன் விலகிக்கொண்டது. மீட்சி வந்தது சிற்றூர்களிலிருந்து. 1960இல் தொடங்கிய புரொவின்சியல் லீக் சிறு தடங்களில் குறைந்த செலவில் பந்தயம் நடத்தியது. 1965இல் அது பெரிய லீக்கோடு இணைந்து பிரிட்டிஷ் லீக் ஆனது. தலைநகரத்துப் பேரரங்கு இழந்ததை வாரம் தவறாத உள்ளூர் மாலைகள் மீட்டுக் கொடுத்தன.

இரண்டாவது கட்டம் நிலத்தால் வந்தது. பெரும்பாலான அணிகளுக்குச் சொந்தத் தடம் இல்லை. நாய்ப் பந்தய அரங்குகளிலும் கண்காட்சித் திடல்களிலும் வாடகைக்கு இருந்தன. நில மதிப்பு ஏற ஏற உரிமையாளர்கள் வேறு கணக்குப் போட்டனர். மான்செஸ்டரின் பெல் வ்யூ அணி 1987இல் ஹைட் ரோடு களத்தை இழந்தது. கோவென்ட்ரி 2016உடன் பிராண்டன் அரங்கை இழந்தது. 2023 பருவத்தின் முடிவில் பீட்டர்பரோ, வுல்வர்ஹாம்ப்டன் அணிகளும் வீடிழந்தன. பூல் என்றால் புதன், இப்ஸ்விச் என்றால் வியாழன் என்று ஊருக்கொரு மாலை வைத்துப் பழகிய விளையாட்டு இது. அந்த மாலையைச் செலவிட இடம் இல்லாமல் போனால் பழக்கமும் அதோடு போய்விடுகிறது.

மான்செஸ்டர் வேறு வழி காட்டியது. நகராட்சியின் முயற்சியில் 2016இல் தேசிய ஸ்பீட்வே அரங்கம் எழுந்தது. தொடக்க நாளன்றே தடம் சரியில்லாமல் பந்தயம் ரத்தானது. அரங்கை நடத்தியவர்கள் நிதி நெருக்கடியில் சிக்கினர். ஆனாலும் களம் பொதுவுடைமையாக இருந்ததால் விளையாட்டு அங்கே நிலைத்தது. பல்லாண்டுகள் கார்டிஃபில் நடந்த பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ 2025இல் அங்கே வந்தது. நடத்துபவர் விழுந்தாலும் களம் விழக்கூடாது என்பதே இதில் நாம் கற்கவேண்டியது.

3. காரியவட்டம்: களம் உண்டு, நாள்காட்டி இல்லை

நாள்காட்டி இருந்தும் களத்தை இழந்தவை பிரிட்டிஷ் அணிகள். திருவனந்தபுரத்தின் நிலை இதற்கு நேர்மாறு. கேரளப் பல்கலைக்கழகத்தின் நிலத்தில் 2015 தேசிய விளையாட்டுகளுக்காகக் கட்டிய கிரீன்ஃபீல்டு அரங்கு நவீன வசதிகள் கொண்டது. தனியார் நிறுவனம் கட்டி, குறிப்பிட்ட காலம் நடத்தி, பிறகு ஒப்படைக்கும் ஏற்பாட்டில் ஐ.எல்.&எஃப்.எஸ். குழுமம் அதை எழுப்பியது. 2018இல் அக்குழுமமே நிதி நெருக்கடியில் மூழ்கியது.

அரங்கின் ஆட்டக் கணக்கைப் பாருங்கள். 2017 நவம்பர் முதல் 2023 நவம்பர் வரையான ஆறு ஆண்டுகளில் இந்திய ஆண்கள் கிரிக்கெட் அணி அங்கே ஆடியவை 6 ஆட்டங்கள். அதற்கு முன் இந்நகரம் சர்வதேச கிரிக்கெட்டைக் கண்டது 1988 ஜனவரியில், பாளையம் பல்கலைக்கழக அரங்கில். கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த் சதம் அடித்தும் வெஸ்ட் இண்டீஸ் வென்ற ஆட்டம் அது. அதற்கும் அடுத்ததற்கும் 29 ஆண்டு இடைவெளி. அன்று அப்பாவின் கையைப் பிடித்து வந்த சிறுவன் தன் பிள்ளையை அழைத்துப்போகவே ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட இடைவெளியில் பழக்கம் எங்கிருந்து வரும்?

2017 நவம்பர் 7இன் நியூசிலாந்து ஆட்டத்தை இதற்கு எதிரான சான்றாகக் காட்டலாம். மழையால் 8 ஓவராகச் சுருங்கிய ஆட்டம். இந்தியா எடுத்தது 67 ஓட்டங்கள். 6 ஓட்டத்தில் வெற்றி. மக்கள் மழையில் நனைந்தபடி காத்திருந்தார்கள். ஆனால் அது நெடுங்காலப் பசி. பசித்து வந்த கூட்டத்தை அடுத்த வாரமும் வரவைக்க அந்த அரங்கிடம் எதுவும் இல்லை. 2023இல் புதுமை தேய்ந்துவிட்டது. பழக்கமோ இன்னும் உருவாகியிருக்கவில்லை.

நாள் தேர்வும் இதையே காட்டுகிறது. 2023 ஜனவரி 15 தைத்திருநாள். முந்தைய நாள் மகரவிளக்கு. தமிழர் கணிசமாக வாழும் தலைநகரம் இது; பொங்கலுக்கு உள்ளூர் விடுமுறை விடும் மாவட்டம். கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வரக்கூடிய ரசிகர்களும் அன்று வீட்டுப் பொங்கல் பானையருகே இருந்தார்கள். ஊரின் நாள்காட்டியைப் பார்த்து ஆட்டத்தின் நாளைக் குறிக்கும் அதிகாரம் ஊரிடம் இல்லை.

விலைக்கு வருவோம். டிக்கெட்டின் அடிப்படை விலை மேல்தளத்துக்கு 1000 ரூபாய், கீழ்த்தளத்துக்கு 2000 ரூபாய். முந்தைய ஆட்டத்தில் 5 விழுக்காடாக இருந்த கேளிக்கை வரி இம்முறை 12 ஆனது. ஜி.எஸ்.டி. 18 விழுக்காட்டையும் சேர்த்தால் 1300, 2600 ரூபாய். நால்வர் கொண்ட குடும்பம் மேல்தளத்தில் உட்காரவே 5200 ரூபாய் வேண்டும். நகரிலிருந்து காரியவட்டம் போய்வரும் செலவு தனி. பட்டினி கிடப்பவர்கள் ஆட்டம் பார்க்கப் போகவேண்டியதில்லை என்ற பொருளில் அன்றைய விளையாட்டு அமைச்சர் சொன்ன கருத்து பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. அது நியாயமான கண்டனம். விளையாட்டுக்குக் கூட்டம் சேர்த்தவர்கள் என்றுமே தினக்கூலிக்காரர்களும் மாணவர்களும்தான்.

4. பாளையம்: நாள்காட்டி இருந்த காலம்

பழக்கம் இந்நகரத்துக்குப் புதிதல்ல. கோதவர்ம ராஜா என்ற ஜி.வி. ராஜா 1954இல் திருவிதாங்கூர்-கொச்சி விளையாட்டுக் கழகத்தை நிறுவியதிலிருந்து, தலைநகரின் விளையாட்டு வாழ்வு நிறுவனங்களைச் சுற்றி வளர்ந்தது. கொச்சுவேளியில் டிராவன்கூர் டைட்டானியம் தொழிற்சாலை, ஸ்டேட் பேங்க் ஆஃப் டிராவன்கூர், கேரளக் காவல்துறை என ஒவ்வொன்றுக்கும் கால்பந்து அணி இருந்தது. காவல்துறை அணி 1990இலும் 1991இலும் ஃபெடரேஷன் கோப்பையை வென்றது. வி.பி. சத்யன், ஐ.எம். விஜயன், சி.வி. பாப்பச்சன், யு. ஷரஃபலி போன்றோர் அரசு வேலையில் இருந்துகொண்டே ஆடினார்கள். ஆட்டக்காரர் அதே ஊரில் சம்பளம் வாங்கி அதே ஊரில் குடியிருந்தார். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் மாலையில் பந்தோடு ஓடுவதைப் பார்க்க விளம்பரம் தேவைப்படவில்லை. பாளையத்தின் பல்கலைக்கழக அரங்கும் சந்திரசேகரன் நாயர் அரங்கும் தலைமைச் செயலகத்திலிருந்து நடந்துபோகும் தொலைவில் இருப்பவை.

நிறுவன அணிகளின் காலம் மெல்ல மங்கியது. 2017 ஏப்ரல் 1 அன்று டிராவன்கூர் வங்கியே பாரத ஸ்டேட் வங்கியோடு இணைந்து பெயரிழந்தது. ஆனால் ஆட்டக்காரர்கள் குறையவில்லை. விழிஞ்ஞம், பூந்துறை, பொழியூர் எனக் கடலோரம் முழுவதும் கால்பந்தோடு வளர்கிறது. பொழியூரைத் தாண்டினால் தமிழ்நாடு. தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை என்று அதே மணல், அதே பந்து. இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் இந்தியன் சூப்பர் லீக் வரை சென்றவர். மாநில எல்லை வரைபடத்தில் இருக்கிறது. கால்பந்துக்கு அது பொருட்டல்ல.

2024 செப்டம்பரில் சூப்பர் லீக் கேரளா தொடங்கியபோது திருவனந்தபுரம் கொம்பன்ஸ் அணி சந்திரசேகரன் நாயர் அரங்கைத் தாயகமாக்கி அரையிறுதி வரை போனது. நகர மையத்தில் மாலை நேர ஆட்டம், ஊரின் பெயரைத் தாங்கிய அணி என இது சரியான திசை. ஆனால் ஒரு பருவம் சில வாரங்களில் முடிந்துவிடுகிறது. அரங்கோ காவல்துறையுடையது. ஸ்பீட்வே அணிகள் வாடகைக் களங்களில் கண்ட நிலையாமை இங்கேயும் காத்திருக்கிறது.

5. இரண்டு மறுப்புகள்

தொலைக்காட்சியும் கைப்பேசியும் இருக்கும்போது எவர் களத்துக்கு வருவார் என்று கேட்கலாம். 1950களின் பிரிட்டனில் தொலைக்காட்சி கூட்டத்தைக் குறைத்தது உண்மை. ஆனால் அதே தொலைக்காட்சி வீடுகளில் இருந்தபோதுதான் 1965க்குப் பிறகு ஸ்பீட்வே மீண்டது. திரை காட்டமுடியாதவை அருகாமையும் பழகிய முகங்களும். எனவே திரையோடு போட்டியிடும் பேராட்டங்களை நம்புவதைவிட, திரையில் வராத உள்ளூர் ஆட்டங்களை வளர்ப்பதே அறிவு.

மற்றொரு மறுப்பு பணத்தைப் பற்றியது. சர்வதேச ஆட்டம் ஒரே நாளில் தரும் வருவாயை உள்ளூர் லீக் தராது. மறுக்க முடியாத உண்மை. ஆனால் ஆண்டுக்கு ஓர் ஆட்டம் என்ற கணக்கில் அரங்கின் பராமரிப்பே கட்டுப்படியாகாது. பேராட்டம் கூடுதல் வருவாயாக வரட்டும். அடிப்படை வருவாய் வாராவாரம் வரவேண்டும்.

6. செய்யத்தக்கவை

முதல் தேவை களத்தின் உறுதி. காரியவட்டம், பாளையம் அரங்குகளின் உரிமை யாரிடம் இருந்தாலும், ஆண்டில் குறிப்பிட்ட நாட்கள் ஆட்டத்துக்கென்று பத்தாண்டு ஒப்பந்தமாக எழுதப்பட வேண்டும். அரசு, மாநகராட்சி, பல்கலைக்கழகம், சங்கங்கள் நான்கும் அதில் கையொப்பமிட வேண்டும்.

அடுத்தது மாறாத மாலை. வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம், ஒரே இடம். ஓணம், பொங்கல், ஆற்றுகால் பொங்காலை, கடலோரத்துத் தேவாலயத் திருவிழாக்கள் ஆகியவற்றைப் பார்த்து முன்கூட்டியே அட்டவணை அச்சாக வேண்டும். கே.எஸ்.ஆர்.டி.சி. பேருந்தும் ஆட்டம் முடியும் நேரத்துக்கு ஏற்ப ஓட வேண்டும்.

விலையில் ஒரு எளிய விதி போதும்: குறிப்பிட்ட விலைக்குக் கீழான டிக்கெட்டுக்குக் கேளிக்கை வரியை மாநகராட்சி முழுவதுமாக விலக்க வேண்டும், உயர்ந்த இருக்கைகளில் அதை ஈடுகட்டலாம். பெண்கள் குழந்தைகளோடு வருவதற்குச் சுத்தமான கழிப்பறையும் குடிநீரும் வரிச்சலுகைக்கான நிபந்தனையாக வேண்டும்.

கடலோர அணிகளுக்கும் லீக்கில் இடம் வேண்டும். பொழியூருக்கும் தூத்தூருக்கும் இடையே ஆண்டுதோறும் இருமாநில ஆட்டம் நடத்தினால் இரு மொழியினரும் கேலரியில் சேர்ந்தமர்வார்கள். மலையாளத்திலும் தமிழிலும் அச்சிட்ட நிகழ்ச்சித்தாள் ஐந்து ரூபாய்க்குக் கிடைக்கட்டும். அதில் கோல் அடித்தவர் பெயரை எழுதக் கட்டமும் இருக்கட்டும்.

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கையைச் சங்கங்கள் வெளியிட வேண்டும். அது இருந்தால் எந்த நாள், எந்த விலை, எந்த எதிரணி கூட்டத்தைக் கொண்டுவருகிறது என்று ஆண்டுக்காண்டு ஒப்பிட்டுத் திருத்தலாம். ஆய்வாளர்களும் ஊகத்தை விட்டுச் சான்றோடு பேசலாம்.

கூட்டம் குறைவதைப் பிரிட்டனின் ஸ்பீட்வே அமைப்பாளர்கள் உணர்ந்தபோது பல ஊர்களில் களம் ஏற்கெனவே கைமாறியிருந்தது. திருவனந்தபுரத்தின் களங்கள் இன்றும் பொது நிறுவனங்களின் நிலத்தில்தான் இருக்கின்றன. ஆட்டக்காரர்களும் இருக்கிறார்கள். குறைவது அட்டவணையும் வரித் தீர்மானமும் மட்டுமே. இவை இரண்டும் மாநகராட்சி மன்றத்திலும் சங்கச் செயற்குழுவிலும் முடிவாகக்கூடியவை. அடுத்த சர்வதேச ஆட்டத்துக்கு ஏலம் கேட்பதற்கு முன் அந்த இரு முடிவுகளையும் எடுக்க வேண்டும்.