ஒரு பெயர், பல ஊர்கள்: துருஹியோ என்னும் இடப்பெயரின் வரலாறு

முன்னுரை

ஸ்பானிய மொழி வழங்கும் நாடுகளின் நிலப்படத்தை நோக்குவார்க்கு ஒரே பெயர் பல இடங்களில் மீண்டும் மீண்டும் வருவது எளிதில் புலப்படும். சாந்தியாகோ, சான் ஹோசே, சாந்தா குரூஸ் முதலியன சமயச் சார்பால் பரவியவை. புனிதரின் திருநாளும் வழிபாட்டு மரபுமே அவற்றின் பரவலுக்குக் காரணங்களாகும். இவற்றினும் வேறானது, தாய்நிலத்து ஊர்ப்பெயரைப் புதுநிலத்து ஊருக்கு இடும் வழக்கு. இவ்வகைக்குச் சிறந்த சான்றாக அமைவது துருஹியோ என்னும் பெயர். இப்பெயர் எவ்வழிகளில் பரவியது, ஒத்த பெயரைக் கொண்டு ஊர்களுக்கிடையே உறவு காண்பது எவ்வளவிற்குப் பொருந்தும் என்பவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாயூரும் பெயரும்

ஸ்பெயினின் மேற்கெல்லையை ஒட்டிய எஸ்த்ரெமதூரா நிலப்பகுதியில், காசெரஸ் மாகாணத்தில் துருஹியோ என்னும் சிற்றூர் உள்ளது. அதன் மக்கள்தொகை பத்தாயிரத்துக்கும் குறைவு. உரோமானியர் காலத்தில் துர்காலியம் என வழங்கிய பெயர், அரபியர் ஆட்சியில் துர்ஜீலா என உருமாறிப் பின்னர் ஸ்பானிய வடிவம் பெற்றது. 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்வூர் கிறித்தவ அரசரின் ஆட்சிக்குள் வந்தது.

எழுத்துமுறையும் இங்கு நோக்கத்தக்கது. இப்பெயரின் நடுவில் இன்று 'ஹ' என ஒலிக்கும் மெய், 16ஆம் நூற்றாண்டில் ஷகரத்தை ஒத்து ஒலித்தது. அன்று வேறோர் எழுத்தால் குறிக்கவும்பட்டது. ஆகவே கடல் கடந்து சென்ற பெயர், ஒலியளவில் இன்று நாம் கேட்கும் பெயரன்று. ஒலிமாற்றம் கடலின் இருபுறத்து ஸ்பானிய மொழியிலும் நிகழ்ந்தமையால் ஊர்ப்பெயர்களின் ஒற்றுமை கெடாது நின்றது.

பெயர் சென்ற மூன்று தடங்கள்

முதல் தடம் ஹோண்டுராஸ் நாட்டின் வடகடற்கரையில் முடிகிறது. மெக்சிகோவை வென்ற எர்னான் கோர்த்தெஸ், தம் ஆணையை மீறிய கிறிஸ்தோபல் தெ ஒலித் என்பவரை அடக்கப் பிரான்சிஸ்கோ தெ லாஸ் காசாஸ் என்பவரை அனுப்பினார். லாஸ் காசாஸ் எஸ்த்ரெமதூராவின் துருஹியோவைச் சேர்ந்தவர். அவர் ஆணையின்படி 1525இல் நிறுவப்பட்ட துறைமுகம் அவருடைய ஊரின் பெயரைப் பெற்றது.

இரண்டாம் தடம் பெருவில் காணப்படுவது. பிரான்சிஸ்கோ பிசாரோ பிறந்த ஊர் துருஹியோ. எனினும் பெருவின் துருஹியோவை 1534இல் தொடங்கியவர் தியேகோ தெ அல்மாக்ரோ. 1535 மார்ச்சில் பிசாரோ அதனை முறைப்படி நிறுவினார். அல்மாக்ரோவின் பெயரிலேயே அவருடைய சொந்த ஊரின் பெயர் உண்டு. ஆயினும் அவர் தொடங்கிய நகருக்குத் தலைவரின் ஊர்ப்பெயரே இடப்பட்டது. பெயரிடும் உரிமை, களத்தில் உழைத்தவரிடம் அன்றி அதிகாரம் உடையவரிடம் இருந்தது என்பதற்கு இது சான்றாகும்.

மூன்றாம் தடம் வெனிசுவேலாவின் ஆந்தீஸ் மலைப்பகுதியில் உள்ளது. துருஹியோவிற் பிறந்த தியேகோ கார்சியா தெ பரேதெஸ், 1557இல் குயிக்கா மக்களின் நிலத்தில் ஓர் ஊரை நிறுவித் தம் ஊர்ப்பெயரை இட்டார். பூர்வகுடிகளின் எதிர்ப்பும் பிற இடர்களும் அவ்வூரை நிலைக்கவிடவில்லை. இடையில் பிரான்சிஸ்கோ ரூயிஸ் என்பவர் அதற்கு மிராபெல் எனப் பெயர் மாற்ற, பரேதெஸ் பழைய பெயரை மீட்டார். பலமுறை இடம்பெயர்ந்த பின்னர் 1570இல்தான் ஊர் இன்றைய பள்ளத்தாக்கில் நிலைபெற்றது. இதனால் 'சுமந்து செல்லும் நகர்' என்னும் பட்டப்பெயரும் அதற்கு உண்டு. ஊர் இடம்விட்டு இடம் பெயர, பெயர் மட்டும் உடன் சென்றமை, நிலத்தோடு வேர்கொள்ளாத பெயரின் இயல்பை உணர்த்துகிறது.

ஊர்ப்பெயரும் குடும்பப்பெயரும்

இப்பெயர் பரவிய மற்றொரு வழி குடும்பப்பெயர். ஊரின் பெயரால் மனிதர் அழைக்கப்பட்டனர். பின்னர் மனிதரின் பெயர் மீண்டும் ஊர்மேல் ஏறியது. தொமினிக்கக் குடியரசில் இராஃபயெல் துருஹியோ என்னும் சர்வாதிகாரி, 1936இல் தலைநகர் சாந்தோ தொமிங்கோவுக்குத் தம் பெயரால் 'சியுதாத் துருஹியோ' எனப் பெயர் சூட்டச் செய்தார். அந்நாட்டின் மிக உயர்ந்த சிகரமும் அவர் பெயரைத் தாங்கியது. 1961இல் அவர் கொல்லப்பட்டபின் அவ்வாண்டிலேயே தலைநகர் பழைய பெயரை மீண்டும் பெற்றது. எழுத்தளவில் இப்பெயருக்கும் பெருவின் நகரப்பெயருக்கும் வேறுபாடில்லை. பெயர் வந்த வழியோ முற்றிலும் வேறு.

பெயரும் பின்வரலாறும்

ஒரே பெயர் கொண்ட ஊர்கள் ஒரே வாழ்வைப் பெறவில்லை. பெருவின் துருஹியோ அந்நாட்டின் மூன்றாவது பெரிய நகராக வளர்ந்துள்ளது. அங்கு நகர் மட்டுமன்றி மாவட்டமும் மாகாணமும் அப்பெயரையே கொண்டவை. அவை அடங்கிய மண்டலத்தின் பெயரோ 'விடுதலை' எனப் பொருள்படும் லா லிபெர்தாத். 1820 டிசம்பரில் இந்நகர் ஸ்பானிய ஆட்சியிலிருந்து விடுதலையை அறிவித்தது. வெனிசுவேலாவின் துருஹியோவில்தான் 1813 ஜூன் 15 அன்று சிமோன் பொலிவார், ஸ்பானியருக்கு எதிரான 'சாவுவரைப் போர்' ஆணையில் கையொப்பமிட்டார். 1820 நவம்பரில் போர்நிறுத்த உடன்படிக்கையும் அங்கேயே உருவாயிற்று. வெற்றியாளர் தம் ஊரின் நினைவாக இட்ட பெயர், அவர்தம் ஆட்சியை முடித்த ஆவணங்களிலேயே இடம்பெற்றது. விடுதலைக்குப் பின்னும் மக்கள் அப்பெயரைத் துறக்கவில்லை. அதற்குள் அது தம் ஊரின் பெயராகிவிட்டிருந்தது.

ஹோண்டுராஸின் துருஹியோ 1643இல் டச்சுக்காரர் தாக்குதலால் அழிவுற்று, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மீண்டும் குடியேற்றம் பெற்றது. செயிண்ட் வின்சென்ட் தீவிலிருந்து ஆங்கிலேயரால் 1797இல் நாடுகடத்தப்பட்ட கரிஃபுனா மக்கள் ரோவத்தான் தீவின் வழியே இங்கு வந்து குடியமர்ந்தனர். தம் நிலத்தை இழந்த இம்மக்களுக்கு, எஸ்த்ரெமதூராவை ஒருபோதும் காணாத நிலையில், அவ்வூர்ப்பெயரே புதுவாழ்வின் முகவரியாயிற்று.

புதுப்பெயர்கள் வந்தபோது பழம்பெயர்கள் யாவும் மறைந்துவிடவில்லை. பெருவின் துருஹியோவைச் சூழ மோச்சே, வான்சாக்கோ, மான்சீச்சே என்னும் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. சிமூ அரசின் தலைநகரான சான் சான், 1986இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. வெனிசுவேலாவின் துருஹியோ மாநிலத்திலும் எஸ்கூக்கே, போக்கோனோ போன்ற பூர்வகுடிப் பெயர்கள் நிலைத்துள்ளன. ஆட்சியின் மையம் புதுப்பெயர் பெற, சுற்றுவட்டாரம் பழம்பெயரைக் காத்தது எனலாம்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படும் முடிவுகள் சில. ஒத்த இடப்பெயர்கள் யாவும் ஒரே வழியில் தோன்றியவை அல்ல. நிறுவியவரின் ஊர், தலைவரின் ஊர், குடும்பப்பெயர் எனத் தோற்றுவாய் வேறுபடுகின்றது. பெயரொற்றுமை ஒன்றையே கொண்டு மக்கள் பெயர்ச்சியைத் துணிவது பிழைபட இடமுண்டு. பெருந்தொகையான குடியேற்றம் இன்றியே ஒருவரின் அதிகாரத்தால் ஒரு பெயர் கடல் கடக்கக்கூடும். எனவே பெயரிட்டவர் யார், எப்போது, எவ்வதிகாரத்தால் இட்டார், அப்போது அங்கு வழங்கிய பெயர் யாது என்னும் வினாக்களுக்கு ஆவணச் சான்று தேடுவது இடப்பெயராய்வின் முதற்கடமையாகும். ஆவணம் எஞ்சியுள்ள துருஹியோவிலேயே தடங்கள் இத்துணைப் பிரிகின்றன எனில், ஆவணம் எஞ்சாத பழங்காலப் பெயரொற்றுமைகளை ஆராய்வார்க்கு வேண்டும் எச்சரிக்கை இன்னும் மிகுதி.