உறிஞ்சுவது யார்?

அப்பாவின் முதுகில் ஏழு வட்டங்கள். ஆறு கருஞ்சிவப்பு. இடது தோள்பட்டைக்குக் கீழே இருந்த ஏழாவது வட்டம் மட்டும் மற்றவற்றைவிடச் சிறியது. அது நீர் கோத்துக் கொப்புளமாகியிருந்தது. அப்பாவுக்கு இனிப்பு நீர் இருப்பதால் அது ஆற மூன்று வாரம் ஆனது.

"கெட்ட ரத்தத்த உறிஞ்சி எடுத்துட்டாங்க, ஒடம்பு லேசா இருக்கு. அந்த எடத்துல கெட்டது கொஞ்சம் ஜாஸ்தி போல" என்றார்.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். எங்கள் இயந்திரங்கள் நகத்தைவிடச் சின்ன சிலிக்கான் சில்லுகளை வெற்றிடத்தால் கவ்வித் தூக்குகின்றன. ஒவ்வொரு குழாயிலும் ஒரு அழுத்தமானி உண்டு. எண் கொஞ்சம் தவறினாலும் இயந்திரம் நின்று கத்தும். அப்பாவின் முதுகில் வைத்த கோப்பைகளில் எண் எதுவும் இல்லை. எவ்வளவு இழுத்தீர்கள் என்று வைத்தியரிடம் கேட்டேன். "எல்லாத்துக்கும் மூணு பம்ப்தான்" என்றார். இந்த 'மூணு பம்ப்' எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

ஜார்ஜ் டவுனில் இந்த வைத்தியத்துக்குச் சொந்தக்காரர்கள் அதிகம். குவான் யின் கோவில், குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோவில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் மூன்றையும் ஒரு நடையில் பார்த்துவிடலாம். அந்தச் சுற்றுவட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் 'இது எங்க வைத்தியம்' என்பார்கள். சீனர்கள் கண்ணாடிக்குள் நெருப்பைக் காட்டி வைப்பார்கள். மலாய்க்காரர்களுக்கு இது பெக்காம், தமிழ் முஸ்லிம்களுக்கு ஹிஜாமா. நம் ஆட்கள் கொஞ்சம் தயங்கிவிட்டு, 'சித்தர்களே சொல்லியிருக்காங்க' என்பார்கள்.

எல்லார் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் 'உறிஞ்சல்' ஒன்று, 'குருதி வாங்கல்' இன்னொன்று. சுஸ்ருத சம்ஹிதையில் ரத்தத்தை உறிஞ்சி எடுக்க மூன்று வழிகள் உள்ளன: மாட்டுக் கொம்பு, அட்டை, சுரைக்குடுக்கை. தோலைக் கீறி, கொம்பை வைத்து, வைத்தியர் தன் வாயாலேயே உறிஞ்ச வேண்டும். சுரைக்குடுக்கைக்கு வாய் தேவையில்லை. அதற்குள் விளக்கை ஏற்றிக் கவிழ்த்தால் போதும். சீனாவிலும் ஆரம்பம் கொம்புதான். கி.மு. 168இல் மூடப்பட்ட மாவாங்துய் கல்லறையிலிருந்து 1973இல் கிடைத்த பட்டுச் சுவடியில், மூலநோய்க்குச் சிறு கொம்பு வைக்கும் முறை இருக்கிறது. மலாய் பெக்காமிலும் கொம்பு வைக்கும் வழக்கம் உண்டு. கிரேக்கர்கள் வெண்கலத்தில் செய்தார்கள். அரிஸ்டாட்டில் தன் கவிதையியலில் விடுகதைக்கு எடுத்துக்காட்டு தரும்போது, நெருப்பால் உடம்பில் ஒட்டவைக்கும் இந்த வெண்கலக் கோப்பையைத்தான் எடுத்துக்கொள்கிறார்.

இத்தனை ஊர்களிலும் ஒரே நம்பிக்கை: கோப்பை இழுக்கிறது, உள்ளே இருப்பது வெளியே வருகிறது. அரபியில் ஹிஜாமாவின் வேர்ச்சொல்லுக்கே உறிஞ்சுதல் என்ற பொருள் உண்டு. இதை மாற்றியது மருத்துவம் அல்ல, பாதரசக் குழாய். 1643இல் இத்தாலியில் தோரிசெல்லி பாதரசம் நிரப்பிய கண்ணாடிக் குழாயைக் கவிழ்த்தபோது, பாதரசம் சுமார் 760 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. மேலேயுள்ள வெற்றிடம் அதைத் தூக்கிப் பிடிக்கவில்லை, வெளியே இருக்கும் காற்றின் எடை அதைத் தாங்குகிறது என்பது அவர் தந்த விளக்கம். வெற்றிடத்துக்குக் கை கிடையாது. அது எதையும் இழுப்பதில்லை.

அப்பாவின் முதுகிலும் அதேதான். கோப்பைக்குள் காற்றழுத்தம் குறைகிறது. உடம்பின் மற்ற இடமெல்லாம் முழு அழுத்தத்தில் இருக்கிறது. அதனால் சதையும் ரத்தமும் கோப்பையை நோக்கித் தள்ளப்படுகின்றன. 5 செண்டிமீட்டர் அகலக் கோப்பையில் 300 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு அழுத்தம் குறைந்தால், அந்த வட்டத்தில் மட்டும் ஏறக்குறைய 8 கிலோ எடைக்குச் சமமான விசை. தந்துகிகளுக்குள் ரத்த அழுத்தம் சாதாரணமாக 10 முதல் 35 மில்லிமீட்டர்தான். அவை கசிவதில் ஆச்சரியம் இல்லை. அந்தக் கசிவுதான் வட்டத்தின் நிறம்.

இப்போது 'மூணு பம்ப்'புக்கு வருகிறேன். பழைய முறைகளில் அளவு எண்ணாக இல்லை, ஆனால் இருந்தது. கொம்பை உறிஞ்சுகிறவருக்குக் கன்னம் வலிக்கும். நெருப்பு கண்ணுக்குத் தெரியும். கணக்கும் போடலாம்: கோப்பைக்குள் காற்று 100 டிகிரிக்குச் சூடாகி, 30 டிகிரிக்கு ஆறினால், அழுத்தம் சுமார் 140 மில்லிமீட்டர் குறையும். 200 டிகிரி என்றால் 270. பிளாஸ்டிக் கோப்பையும் கைப்பம்பும் வந்தபோது இந்த இயல்பான தடை போய்விட்டது. பம்புக்குக் கன்னம் வலிக்காது.

ஒவ்வொரு இழுப்புக்கும் 25 மில்லிலிட்டர் எடுக்கும் பம்ப் என்று வைத்துக்கொள்வோம். 100 மில்லிலிட்டர் கோப்பையில் மூன்று இழுப்புக்கு அழுத்தம் பாதியாகக் குறையும். 50 மில்லிலிட்டர் கோப்பையில் அதே மூன்று இழுப்பு 70 விழுக்காட்டைக் குறைத்துவிடும். கசிவையும் சதை எழும்புவதையும் விட்டுவிட்டுப் போட்ட கணக்கு இது. ஆனால் அப்பாவின் முதுகில் கொப்புளம் எழுந்தது சின்னக் கோப்பையின் அடியில்தான். அங்கே கெட்டது அதிகம் இல்லை, அழுத்தம் அதிகம்.

இந்த வைத்தியத்தைக் கேலி செய்ய நான் எழுதவில்லை. கழுத்து வலிக்கும் இடுப்பு வலிக்கும் சிலருக்குத் தற்காலிக நிவாரணம் கிடைப்பதாக ஆய்வுகள் உண்டு. அவற்றின் தரம் பெரும்பாலும் குறைவு என்பதும் உண்மை. நச்சை எடுக்கிறது என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை. ஆறாத புண்களுக்கு மருத்துவமனையில் வைக்கும் உறிஞ்சு கருவியும் ஒருவகையில் இதே கொம்பின் பேரப்பிள்ளைதான். 1997இல் அமெரிக்காவின் ஆர்ஜென்டாவும் மோரிக்வாஸும் அதை விவரித்தார்கள். வழக்கமாக 125 மில்லிமீட்டரில் வைப்பார்கள். அதன் முகப்பில் எண் தெரியும். 2016இல் மலேசியா பாரம்பரிய மருத்துவத்துக்குச் சட்டம் கொண்டுவந்தது, வைத்தியர்கள் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. கோப்பைக்கும் ஒரு அழுத்தமானி வரட்டும் என்பதுதான் என் ஆசை. விலை ஒன்றும் பெரிதில்லை.

போன வாரம் இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப யாருதான்டா உறிஞ்சுறது?"

"யாரும் உறிஞ்சலப்பா. வெளிய இருக்கிற காத்து அமுக்குது."

"அப்ப அந்தக் கெட்ட ரத்தம்?"

"அது நல்ல ரத்தம்தான்பா. ஒங்களோடது."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சட்டையைத் தூக்கி, அந்தத் தழும்பைப் போன் கேமராவில் காட்டச் சொன்னார்.