துரின் நகரின் தலைநகர் நினைவு: கரிஞ்ஞானோ அரண்மனையை முன்வைத்து

முன்னுரை

தலைநகர்த் தகுதியை இழந்த நகரங்கள் அதனைப் பின்னாளில் மரபுச் செல்வமாகப் போற்றுவது உலக வரலாற்றில் பரவலாகக் காணப்படுகிறது. வட இத்தாலியின் துரின் நகரம் இதற்குத் தக்க சான்றாகும். 1563 முதல் சவாய் அரசமரபின் தலைமையிடமாக விளங்கிய இந்நகரம், 1861 முதல் 1865 வரை ஒன்றிணைந்த இத்தாலியின் முதல் தலைநகராகத் திகழ்ந்தது. நான்கு ஆண்டுகளே நீடித்த அத்தகுதி எவ்வாறு நினைவுகூரப்படுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தலைநகர் மாற்றம்

1864 செப்டம்பர் 15 அன்று இத்தாலியும் பிரான்சும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி, உரோமிலிருந்த பிரெஞ்சுப் படை இரண்டு ஆண்டுகளுக்குள் விலக வேண்டும்; திருத்தந்தையின் ஆட்சிப்பகுதியை இத்தாலி தாக்கலாகாது. தலைநகரைத் துரினிலிருந்து மாற்றுவதும் இதனுடன் இணைந்த உடன்பாடாகும். அரசவையையும் அமைச்சகங்களையும் சார்ந்து வாழ்ந்த நகருக்கு இம்மாற்றம் பெருமையின் இழப்பாக மட்டுமன்றி வாழ்வாதார இழப்பாகவும் தோன்றியது. செப்டம்பர் 21, 22 ஆகிய நாள்களில் கிளர்ந்தெழுந்த மக்கள்மீது அரசுப் படையினர் சுட்டதில் ஐம்பது பேர் அளவில் மாண்டனர். மிங்கெட்டி அமைச்சரவை வீழ்ந்தது. ஆயினும் முடிவு மாறவில்லை. 1865இல் புளோரன்சும் 1871இல் உரோமும் தலைநகராயின.

மூன்று அவைகள்

கரிஞ்ஞானோ அரண்மனை மூன்று அவைக்கூடங்களோடு தொடர்புடையது. முதலாவது, 1848இல் சர்தீனிய அரசின் கீழவைக்காக அமைக்கப்பட்டது, இன்றும் நிலைத்துள்ளது. இரண்டாவது, முற்றத்தில் எழுப்பப்பட்ட தற்காலிகக் கூடம். 1861 பிப்ரவரி 18 அன்று இத்தாலியின் முதல் நாடாளுமன்றம் கூடிய இடம் இதுவே. இன்று இது இல்லை. மூன்றாவது, புதிய நாட்டின் கீழவைக்கெனத் தொடங்கப்பெற்ற பெருங்கூடம். அது 1871இல் நிறைவுற்றபோது தலைநகர் துரினில் இல்லை. அங்கு அவை ஒருநாளும் கூடவில்லை. எனவே தலைநகர்க் காலத்து அவை மறைந்துவிட, அதற்கு முந்தியதும் பயன்படாததுமே எஞ்சியுள்ளன.

விழாக்கள்

ஒருங்கிணைப்பின் ஐம்பதாம் ஆண்டில், 1911இல், தொழிலையும் உழைப்பையும் மையமாகக் கொண்ட பன்னாட்டுக் கண்காட்சி துரினில் நடைபெற்றது. 1961 விழாவுக்கு நெர்வி வடிவமைத்த உழைப்பு மாளிகை எழுந்தது. 1899இல் ஃபியட் நிறுவனம் தோன்றிய நகரம், இவ்விரு விழாக்களிலும் தலைநகர்த் தகுதி போனபின் தான் அடைந்த தொழில்வளத்தையே முன்னிறுத்தியது எனலாம். 2011இல், நூற்றைம்பதாம் ஆண்டையொட்டி, கரிஞ்ஞானோ அரண்மனையிலுள்ள தேசிய ஒருங்கிணைப்பு அருங்காட்சியகம் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது. இம்முறை நினைவின் மையம் மீண்டும் அவைக்கூடத்திற்குத் திரும்பியது.

முடிவுரை

துரின் உருவாக்க முன்னின்ற அரசே துரின் மக்கள்மீது சுட்டது என்பது 1864 நிகழ்வின் முரண். முதல் தலைநகர் என்னும் பெருமையும் அத்தகுதி பறிபோனபோது சிந்திய குருதியும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள். கூடாத அவையின் கூடத்தை அந்த இழப்பின் சான்றாகவும் வாசிக்கும்போதே தலைநகர் நினைவு முழுமை பெறும்.