வொரிக் சிறையில் ஒரு சிறுமி

பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மரணச் செய்திகளைச் செப்பனிட்டவன் நான். இறந்தவரின் கடைசிச் சொற்கள் என்று எவர் எழுதிக் கொணர்ந்தாலும் என் பேனா சற்றுத் தயங்கும். ஆதிக் குவேக்கர்களின் வரலாற்றை வாசித்தபோதும் அதே தயக்கம் எழுந்தது.

ஜோர்ஜ் பொக்ஸ் 1650களில் இங்கிலாந்தில் திரட்டிய இச்சமயக் குழுவினருக்குக் குருமார் இல்லை. ஞானஸ்நானமோ நற்கருணையோ இல்லை. ஒவ்வொரு மனிதருக்குள்ளும் இறையொளி உண்டென்பதே அவர்களது அடிப்படை. அவ்வொளிக்கு வயதெல்லை கிடையாது. 1682இல் பிரிஸ்டல் நகரில் பெரியோர் சிறைப்பட்டபோது, பிள்ளைகளே கூடி வழிபாட்டைத் தொடர்ந்தனர்.

அவர்களின் மூத்த போதகர்களுள் ஒருவர் வில்லியம் டியூஸ்பரி. வொரிக் சிறையில் ஏறத்தாழ 19 ஆண்டுகள் கழித்தவர். அவருக்குத் துணையாகப் பேத்தி மேரி சாம் அங்கு வந்து தங்கினாள். வயது 12. 1680இல் நோயுற்று, அச்சிறையிலேயே இறந்தாள். நோய் தணியாவிடின் தான் இறப்பது உறுதி, ஆயினும் தன் ஆன்மா நித்திய மகிழ்ச்சியை அடையும் என்ற கருத்துப்படப் பேசினாள் என்று பெரியோர் பதிந்தனர். அப்பதிவு அச்சேறியது.

ஏன் அச்சிட்டனர்? மரணப்படுக்கையில் பாவமன்னிப்பளிக்கக் குருவானவர் இல்லாத சமூகத்தில், நம்பிக்கை இறுதிவரை நிலைத்ததற்கு இறப்பவரின் வாக்கே சான்று. அவர்களை மதத்துரோகிகள் என ஏசியோருக்கும் அதுவே மறுமொழி. 1701இல் ஜோன் டொம்கின்ஸ் இத்தகைய இறுதி வாக்குகளைத் தொகுத்து நூலாக்கினார். பின்னரும் தொகுதிகள் வந்தன.

இவ்வகை எழுத்துக்கு வார்ப்பும் இருந்தது. தூய்மைவாதியான ஜேம்ஸ் ஜேன்வே, பக்தியுடன் மரித்த சிறுவர்களின் கதைகளை 1671இலேயே வெளியிட்டிருந்தார். ஆகவே மேரியின் சொற்களில் எவை அவளுடையவை, எவை துயருற்ற பெரியோர் திருத்தியவை என்று பிரித்தறிய இயலாது. நான் செப்பனிட்ட செய்திகளிலும் அப்படித்தான். எனினும், பேனா தொட முடியாத ஓர் உண்மை இங்குண்டு. முதியவர் ஒருவர் தனித்திருக்கலாகாதென்று ஒரு சிறுமி சிறைக்குள் வந்தாள். அது எவரும் அவளுக்காக எழுதிக்கொடுத்த வாசகமன்று.

டியூஸ்பரி இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில் விடுதலையானார், 1688இல் மறைந்தார். அவர் சிறைவாயிலைக் கடந்த அன்று, துணைக்கு வந்தவள் உடன் இல்லை.