தாயைக் கொன்ற கைகள்

1844ல் சென்னை எழும்பூரில் பிரசவ மருத்துவமனை தொடங்கியபோது, பிரசவக் காய்ச்சலுக்குக் கெட்ட காற்றே காரணம் என்று மருத்துவர்கள் பலர் நம்பினர். உண்மையான காரணம் வியன்னாவில் தெரியவந்தது.

அங்கே ஒரே மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள். 1846ல் மருத்துவ மாணவர்கள் பார்த்த பிரிவில் நூற்றுக்குச் சுமார் 11 தாய்மார்கள் இறந்தனர். மருத்துவச்சிகள் பார்த்த பிரிவில் சுமார் 3 பேர்தான். ஏன்? மாணவர்கள் பிணத்தை அறுத்துப் பார்த்த கையோடு பிரசவம் பார்க்க வந்தார்கள்!

1847ல் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் குளோரின் நீரில் கை கழுவ வைத்தார். மரணம் மளமளவென்று குறைந்தது. ஆனாலும் மூத்த மருத்துவர்கள் பலர் ஏற்கவில்லை. 1865ல் அவர் மனநலக் காப்பகத்தில் இறந்தார்.

இன்று கறம்பக்குடிப் பெண்களுக்கும் பிரசவம் மருத்துவமனையில்தான். சிசேரியன், பனிக்குடம் உடைந்து நெடுநேரமாவது, அடிக்கடி உள்பரிசோதனை, இவை தொற்று வர வாய்ப்பைக் கூட்டும். இவற்றைச் சில நேரம் தவிர்க்க முடியாது. கழுவாத கையை எப்போதும் தவிர்க்கலாம்.