ஊக்கற் பிறபொருளெதிரிகள்: ஒரு கருத்தின் நாற்பதாண்டுக் காத்திருப்பு

விஞ்ஞானத்தின் வரலாறு எம்மிடையே பெரும்பாலும் கண்டுபிடித்தோரின் பெயர்ப்பட்டியலாகவே பயிலப்படுகின்றது. ஆயின், ஒரு கருத்துத் தோன்றுவதும் அது மெய்யென நிறுவப்படுவதும் ஒன்றல்ல. இரண்டுக்குமிடையே நெடுங்காலம் கழிதலுண்டு. அவ்விடைக்காலத்தில் நிகழ்ந்தது யாது என வினவுதல் வரலாற்று மாணவரின் கடன். நொதியம் போலத் தொழிற்படும் பிறபொருளெதிரிகளின் வரலாறு இவ்வினாவுக்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

நொதியமும் பிறபொருளெதிரியும் யாழ்ப்பாணக் குடாநாட்டவர் அன்றாடம் காணும் நிகழ்ச்சிகளுக்குப் பின்னாலுள்ளவையே. பனையிலிருந்து இறக்கும் இனிய சாறு, முட்டியிற் சுண்ணாம்பு பூசப்படாவிடின், விரைவிற் கள்ளாகின்றது. அதனைக் கள்ளாக்குவன மதுவத்திலுள்ள நொதியங்கள். தோட்டத்திலே புடையன் தீண்டியவருக்கு வைத்தியசாலையில் ஏற்றப்படும் விடமுறி மருந்தோ குதிரையின் குருதியிலிருந்து பெறப்பட்ட பிறபொருளெதிரிகளாலாயது. இலங்கையில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது இந்தியாவில் ஆக்கப்பட்ட மருந்தே.

இரண்டும் புரதங்களே, இரண்டும் தமக்குப் பொருத்தமான மூலக்கூற்றைத் தேர்ந்து பற்றுகின்றன. ஆயினும் தொழிலில் வேறுபாடுண்டு. பிறபொருளெதிரி தான் பற்றியதை விடாது வைத்திருக்கும். அதற்குள்ள கைகள் இரண்டே. ஆகவே ஒன்று இரண்டு நச்சு மூலக்கூறுகளுக்கு மேற் பற்ற இயலாது. நொதியமோ பற்றியதை மாற்றி விடுவித்து, அடுத்ததைப் பற்றுகின்றது. நஞ்சைப் பற்றுவதோடமையாது அதனைச் சிதைத்து மீளவும் தொழிற்படும் பிறபொருளெதிரி இருக்குமாயின் சிறிதளவு மருந்தே பெரும்பயன் தரக்கூடும் என்பது இதனால் விளங்கும்.

இவ்விரு துறைகளும் ஏறத்தாழ ஒரே காலத்திற் கிளைத்தவை. 1890இல் பெரிங், கித்தசாற்றோ ஆகிய இருவரும் குருதியின் தெளிநீரில் நச்செதிர்க்கும் ஆற்றல் உண்டெனக் காட்டினர். 1894இல் எமில் பிசர், நொதியமும் அது தாக்கும் பொருளும் பூட்டும் திறப்பும் போலப் பொருந்துவன என்றார். 1897இல் புக்னர், உயிருள்ள மதுவக் கலங்கள் இன்றியே அவற்றின் சாற்றினால் நொதித்தல் நிகழும் என நிறுவினார். பின்னர் நொதியம் இரசாயனவியலாளருக்கும் பிறபொருளெதிரி மருத்துவருக்கும் உரியதாகி, இரண்டிற்குமிடையே ஒரு வேலி எழுந்தது எனலாம்.

அவ்வேலிக்கு அப்பால் நோக்கியவர் அமெரிக்க இரசாயனவியலாளர் லைனஸ் போலிங். ஒரு பொருள் பிறிதொன்றாக மாறுமிடத்து இடையிலே நிலையற்ற ஒரு வடிவத்தை எய்துகின்றது. மதிலேறிக் கடப்பவன் அதன் உச்சியில் இருக்கும் கணத்தை இதற்கு ஒப்பிடலாம். இதுவே தாண்டல் நிலை. நொதியம் இந்நிலையையே மிக இறுகப் பற்றுவதால் மாற்றம் எளிதாகின்றது என 1946இல் அவர் விளக்கினார். பிறபொருளெதிரியோ நிலையான மூலக்கூற்றுக்குப் பொருந்துவது. வேறுபாட்டின் வேரை அவர் கண்டுவிட்டார். ஆயினும், பிறபொருளெதிரி தான் சந்திக்கும் பொருளைச் சுற்றி மடிந்தே வடிவம் பெறுகின்றது என்று 1940இல் அவர் கூறிய கொள்கை பிழையாயிற்று. உடலில் முன்னரே உள்ள எண்ணிறந்த வகைகளிலிருந்து பொருத்தமானது தெரிவுசெய்யப்பட்டுப் பெருகுகின்றது என்னும் பேர்னெற்றின் 1957ஆம் ஆண்டுக் கொள்கையே நிலைபெற்றது. ஒரே அறிஞரிடத்துச் சரியும் பிழையும் அருகருகே இருந்தமை கருதத்தக்கது.

1969இல் வில்லியம் ஜெங்ஸ் இவ்விரு துறைகளையும் வெளிப்படையாக இணைத்தார். தாண்டல் நிலையை ஒத்த, ஆயின் நிலையான, ஒரு மூலக்கூற்றை விலங்கினுட் செலுத்தினால் அதற்கெதிராக எழும் பிறபொருளெதிரி நொதியமாகத் தொழிற்படல் வேண்டும் என்பது அவர் கூற்று. ஆனால் விலங்கின் குருதியிற் கிடைப்பது பலவகைப் பிறபொருளெதிரிகளின் கலவை. அதிலிருந்து ஒன்றைத் தூயதாய்ப் பிரித்தல் அரிது. 1975இல் கேம்பிரிட்சில் கோலரும் மில்சுத்தைனும் ஒரே கலத்தின் வழிவந்த, ஒரே வகைப் பிறபொருளெதிரியை வேண்டிய அளவு பெறும் முறையை வகுத்தனர். கருத்து வேண்டிநின்ற கருவி அப்போதுதான் கிட்டியது.

1986இல் ஸ்கிரிப்ஸ் ஆய்வுநிலையத்தில் ரிச்சர்ட் லேர்னர் குழுவினரும், பேர்க்கிலியில் பீற்றர் சுல்ற்ஸ் குழுவினரும் தனித்தனியே வெற்றிகண்டனர். எசுத்தர்களும் அவற்றையொத்த சேர்வைகளும் நீர்ப்பகுப்படையும்போது தோன்றும் தாண்டல் நிலையைப் பொசுபரசுச் சேர்வைகள் ஒத்திருப்பன. அவற்றைப் பற்றும் பிறபொருளெதிரிகள் அந்நீர்ப்பகுப்பைப் பல நூறு மடங்கு விரைவாக்கின. அமைப்பில் இவை ஏனைய பிறபொருளெதிரிகளின் வேறல்ல. இரு பாரச் சங்கிலிகளும் இரு இலேசான சங்கிலிகளும் கூடி ஆங்கில 'வை' எழுத்தின் வடிவில் அமைவன. கவர்களின் நுனி ஒவ்வொன்றிலுமுள்ள ஆறு தடங்கள் உருவாக்கும் குழியே தொழில் நிகழுமிடம். ஒரேயோர் அமினோவமிலமும் அங்கு பெரும்பங்கு வகிக்கலாம். 1995இல் லேர்னர், பார்பஸ் முதலியோர் பெற்ற பிறபொருளெதிரியொன்று அக்குழியிலுள்ள ஓர் இலைசீனைக் கொண்டே தொழிற்பட்டது.

இயற்கையும் இவற்றை ஆக்குகின்றது என்பது பின்னரே தெரிந்தது. 1989இல் சுதிர் பாலும் அவர்தம் குழுவினரும் மனிதக் குருதியிலிருந்து பெற்ற பிறபொருளெதிரி ஒரு சிறு புரதத்தைத் துண்டிப்பதைக் காட்டினர். 1992இல் மொஸ்கோ ஆய்வாளர் தன்னுடலையே தாக்கும் நோயொன்றில் டீ.என்.ஏ.யைச் சிதைப்பனவற்றைக் கண்டனர். ஆகவே இவை மருந்தாதலும் கூடும். நோயின் பங்காளியாதலும் கூடும்.

எதிர்பார்த்த அளவு பயன் விளையவில்லை என்பதையும் மறைத்தல் தகாது. சிறந்த நொதியங்களின் வேகத்தை இவற்றுட் பெரும்பாலானவை எட்டவில்லை. விடமுறி மருந்து இன்றும் பற்றும் பிறபொருளெதிரியாகவே உள்ளது. புதிய நொதியங்களை ஆக்குவதில், 2018இல் நோபல் பரிசு பெற்ற பிரான்சிஸ் ஆர்னோல்டின் கூர்ப்புமுறை முந்திக்கொண்டது. ஆயினும் போலிங்கின் விளக்கத்திற்குக் கிடைத்த மிகத் தெளிவான சான்றுகளுள் ஒன்று இதுவே.

மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன், 1875இல் 'கெமிஸ்தம்' என்ற இரசாயன நூலைத் தமிழில் வெளிக்கொணர்ந்தார். நொதியம், பிறபொருளெதிரி என்னும் சொற்கள் அன்று தமிழில் இல்லை. பின்வந்தோர் அவற்றை ஆக்கித் தந்தமையாலேயே கலைப்பீட மாணவர் ஒருவர் இன்று இவ்வரலாற்றைத் தமிழில் எழுத இயல்கின்றது. போலிங்கின் கருத்து, அயல்துறையில் ஒரு கருவி பிறக்கும் வரை காத்திருந்தது. விஞ்ஞானபீடத்தில் நிகழ்வது எமக்குரியதன்று என்று நாமும், வரலாறு தமக்குரியதன்று என்று அவர்களும் இருப்போமாயின் அத்தகைய காத்திருப்புக்கள் மேலும் நீளும். கருத்து ஒருவரிடத்தும் கருவி மற்றொருவரிடத்தும் இருத்தல் கூடும் என்பதை நாம் மறத்தலாகாது.